மேலே எழும்பிய தூண்

லுணுகலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ஜொனிக்கு,

அண்ணன் எட்வர்ட் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் சஜீவனியும் சுகம்தானே? "இந்த வயசுல என்னண்ணே செஞ்சு வச்சீங்க?" என்று போனில் கேட்டாய். வாயால் சொல்ல வெட்கம், எழுதுகிறேன்.

மண்சரிவுக்குப் பிறகு நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பதிலாக மாடி வீடு கட்ட, கொங்கிறீட் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கியிருக்கிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க, ஒரு தூணின் மேல் கொங்கிறீட் கட்டைகளை மலைபோல் அடுக்கி, தூண் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று மணிக்கொரு தடவை எழுதவேண்டும். பத்தைத் தாண்டினால் இந்த இடம் சரிவராது, இருபது குடும்பமும் வெல்லவாயப் பக்கம் போகவேண்டியதுதான். எனக்கென்ன, எங்கே போனாலும் ஒன்றுதான். எழுதுகிறவருக்குக் காய்ச்சல் என்று என்ஜினியர் றுஷ்தி என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க தராசுல தேயிலைக் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளைதானே, ஒருநாள் எழுதித் தாங்க" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

தூணில் பூட்டிய அளவுக் கருவியின் முள் நாலில் நின்றது, மூன்று என்று எழுதினேன். ஐந்துக்கு வந்தது, நாலு என்று எழுதினேன். உனக்குத்தான் தெரியுமே, சாக்குக்கு ஒரு கிலோ, மழை நாளில் ஈரத்துக்கும் சேர்த்து மூன்று கிலோ, முப்பது வருசம் கழித்த கை இது. பத்து மணிக்கு மழை பிடித்தது. முள் ஆறில். நான் மூன்று என்று எழுதிவிட்டேன்! அந்த மழையில் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் அப்படியே கண்முன் வந்தது தம்பி, நனைந்த கொழுந்தின் வாசம், தராசைச் சுற்றிப் பெண்களின் சண்டை. என்னைத் திட்டுவதற்குக்கூட இப்போது ஆளில்லையே என்று ஏக்கமாக இருந்தது.

பின்னேரம் றுஷ்தி தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஐயா, இத்தன தொன் ஏத்தின தூண் மேல எழும்பி வருதே, எப்புடி?" கழிவு விஷயத்தைச் சொன்னேன். அந்தக் காலத்தில் என் தராசில் கொழுந்து போட்ட பிரான்சிஸ்கா, வேலியோரம் நின்றவள், விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க கொழுந்துல வெட்டுன கை, கொங்கிறீட்டையும் விடலியே!" என்றாள். முப்பது வருசத் திட்டை ஒரே நாளில் திட்டித் தீர்த்துவிட்டாள், கேட்க ஆசையாகத்தான் இருந்தது. பிறகு எல்லாப் பாரத்தையும் இறக்கி, பக்கத்துத் தூணில் ஏற்றி, றுஷ்தி தானே உட்கார்ந்து எழுதினார். எட்டிலேயே நின்றுவிட்டது. வீடு இங்கேதான்.

கைப்பழக்கத்தால் வந்த வினை, வேறொன்றுமில்லை. உன் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பு அண்ணன்,
எட்வர்ட்

பி.கு.: முதல் இரண்டுதான் கைப்பழக்கம். ஆறைப் பார்த்ததும் பயந்துபோய், தெரிந்தேதான் மூன்று என்று எழுதினேன். இருபது குடும்பம் படுத்துறங்கப்போகிற வீடு என்று அப்போது தோன்றவே இல்லை, நினைத்தால் கூசுகிறது. எங்கே போனாலும் ஒன்றுதான் என்றதும் பொய். உன் அண்ணி ஷிரோமியை இங்கே கோயிலுக்குப் பின்னால்தானே அடக்கம் செய்தோம். வெல்லவாய போகிற லொறியில் அவளை ஏற்ற முடியாதே, தம்பி.