கருப்புக் கோட்டோடு பெண் கேட்கப் போனேன்

சமோரா, ஆகஸ்டு 19

பெருமதிப்புக்குரிய அண்ணன், பங்குச்சாமியார் தியோடோரோ அவர்களுக்கு, தம்பி எவரிஸ்தோ பணிவோடு எழுதுவது.

இங்கு நானும், மறைந்த என் மிலாக்ரோஸ் விட்டுப்போன கேனரிக் குருவியும் ஆண்டவர் தயவில் இருக்கிறோம். உங்கள் மூட்டுவலியும் உங்கள் பங்கு மக்களும் உங்களைப் படுத்தாமல் இருக்க மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

நம் பையன் அன்செல்மோ விரும்புகிற பெண் காந்தெலாவை முறைப்படி கேட்டுவரச் சொன்னது நீங்கள்தான். பெண் வீட்டுக்கே போ, கருப்புக் கோட்டுப் போடு, தாயில்லாத வீடு என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். பெண்ணின் பெற்றோர் கோடை முழுக்க அல்மெரியா பக்கம் ஒரு குடாவில் கூடாரம் போட்டுத்தான் குடியிருப்பார்கள் என்று பையன் சொன்னான். அங்கே யாரும் துணி உடுத்துவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, “சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களாப்பா?” என்கிறான். பெற்ற பிள்ளை!

வண்டி போகாத இடம். ஆட்டுப்பாதையில் முள்ளும் கல்லுமாக இறங்கி, பாறையைச் சுற்றித் திரும்பினால் கடல், மணல், அப்புறம் அவர்கள். ஆதாம் ஏவாளைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள், ஆனால் அவர்கள் இரண்டே பேர். இங்கே நாற்பது பேராவது இருக்கும். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. மொத்தக் கடற்கரையிலும் கூனிக்குறுகி நின்றது கோட்டுப் போட்டிருந்த நான் ஒருவன்தான். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, கருப்புக் கோட்டைத் துக்க உடை என்று எண்ணி, “அய்யோ, யாருங்க தவறிட்டாங்க?” என்று எழுந்து வந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாத குழப்பத்தில், பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், “என் மனைவி” என்று சொல்லிவிட்டது. இரண்டு வருடம் ஆயிற்று என்பதைச் சொல்வதற்குள் அந்த அம்மாள், “எல்லாரும் எந்திரிச்சு வாங்க, பாவம் இந்த மனுசன் பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு நிக்கிறாரு!” என்று குரல் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். சீட்டாடியவர்கள் சீட்டை மணலில் வைத்தார்கள், நீந்தியவர்கள் கரையேறினார்கள், கோவில் வாசலில் நிற்பதுபோல வரிசை கட்டினார்கள். ஆண்கள் கை கொடுத்தார்கள். பெண்கள் நம் வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு தள்ளி நின்று கன்னத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா நமக்குச் சொல்லித்தரவில்லை, அண்ணா. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது பேருக்கும் நன்றி சொன்னேன்.

வரிசையின் கடைசியில் வந்தவர்தான் சம்பந்தி இந்தலேசியோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என் கையைப் பிடித்து, மரியாதைக்காகத் தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றினார். கழற்றுவதற்கு அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். “நீங்க அன்செல்மோ அப்பாதானே? அந்தம்மா போயி ரெண்டு வருசமாச்சுன்னுல்ல பையன் சொன்னான்?” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவரே, “சரி விடுங்க. ரெண்டு வருசமானா வலிக்காதா என்ன?” என்று நிழலுக்கு அழைத்துப்போனார்.

அங்கே அவர் மனைவி என்கார்னா மீன் சுட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் கோட்டுக்குள் நான் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “கழட்டுங்க சம்பந்தி, நீங்களும் போயிட்டா இந்தக் கல்யாணத்த யாரு நடத்துறது?” என்று அதட்டினார். காலணியைக் கழற்றினேன். பிறகு கோட்டை. அதற்கு மேல் எழுதுவது நீங்கள் வகிக்கும் பதவிக்கு அடுக்காது. சூரியன் அதுவரை காணாத இடங்களையெல்லாம் கண்டுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்து, இந்த வாரம் நாற்காலிப் பக்கமே போகக் கூடாது என்றார்.

ஆனால் அண்ணா, நான் மனம் நொந்தது அதற்காக இல்லை. மீனும் முலாம்பழமும் சாப்பிட்ட பிறகு இந்தலேசியோ சாதாரணமாக, “மிலாக்ரோஸ் எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டார். இந்த இரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தைரியமாக இரு என்றார்கள், குருவியை விற்றுவிடு என்றார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அடக்கச் சடங்கில்கூட அழாதவன் நான், உங்களுக்கே தெரியும். கைக்குட்டைக்காகக் கை தன்னால் போனது. போனால், பை எங்கே இருக்கிறது? உடம்பு முழுக்கத் தடவியும் ஒரு பை இல்லை. என்கார்னா முலாம்பழம் துடைத்த துணியை நீட்டினார். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணைக் கேட்கப் போனவன், கேட்காமலே திரும்பி வந்தேன்.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவர்கள் என்னைத் துணியில்லாமல் பார்த்ததை மன்னித்துவிடுவேன், நானும்தான் பார்த்தேன், கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் நான் அழுததைப் பார்த்துவிட்டார்களே! இனி எந்த முகத்தோடு அவர்கள் எதிரே மாப்பிள்ளையின் தகப்பன் என்று உட்காருவேன்? பையன் உங்கள் பேச்சைத்தான் கேட்பான். வேண்டாம் என்று கண்டிப்பாக அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பூசையில் மிலாக்ரோஸை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைக்கும் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எவரிஸ்தோ

பி.கு: பையனுக்கு எழுத வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், மறுப்பை நானே நாகரிகமாகச் சொல்லிவிடலாம் என்று இந்தலேசியோவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்ததுமே, “வாங்க சம்பந்தி, அன்னிக்கி மிலாக்ரோஸப் பத்தி ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டீங்களே, சொல்லுங்க” என்றார். சொன்னேன். எங்கள் முதல் சண்டை, அவள் பாடும் லட்சணம், கடைசி வாரம், எல்லாம். நின்று நின்று கால் மரத்துப்போனது. தொலைபேசியை வைத்த பிறகுதான் தெரிந்தது, மறுப்பைச் சொல்லவில்லை, பெண்ணைக் கேட்டிருக்கிறேன். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை உங்கள் கோவிலை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் துணியோடுதான் வருவார்கள். இந்தலேசியோவுக்கு மட்டும் டை கட்டத் தெரியாதாம். நான் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.