ஐந்தரைக் கட்டை

சங்கீதம் தெரியாதவன் சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சும்மா இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது, வேலை தேடுகிறேன் என்று பேர். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அந்த முறை கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் மூன்றும் ஒட்டிக்கொண்டு வந்தன. மூன்று வீட்டுப் பலகாரமும் தின்று தெம்பாக இருந்த குடியிருப்போர் சங்கம், மூன்று மதத்தாரும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும் விழா ஒன்று எடுத்தது. ஓடியாட ஆள் வேண்டும் என்றதும் முதலில் கை தூக்கியவன் நான். (நல்லிணக்கத்தின் மேல் அவ்வளவு பிடிப்பா என்று கேட்காதீர்கள். பாட்டின் முதல் அடியைத் தனியாகப் பாடப்போவது ஸ்டெல்லா.)

ஸ்டெல்லா தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தாள். பல ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே சைக்கிளைத் துடைப்பதுபோல நின்று, அத்தனை குரல்களில் அவள் குரல் எது என்று தேடியிருக்கிறேன். கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அவள் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. விழா முடிந்த மறுவாரம் கிளம்புகிறார்கள். அதற்குள் அந்தக் குரலை ஒருமுறை தனியாகக் கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பாடறவங்களுக்கு எத்தினி கட்டைன்னு கேட்டு ஏற்பாடு பண்ணிடுப்பா" என்றார் சங்கச் செயலாளர்.

பஜனைக் குழு ராமமூர்த்தி சார், "ஒரு கட்டை போதும்" என்றார். இரும்புக்கடை பஷீர் பாய், "நாலு கட்டை இல்லாங்காட்டி நமக்குத் தொண்டை தொறக்காதுப்பா" என்றார். ஸ்டெல்லா, "அஞ்சரை" என்றாள். (என்னிடம் அவள் பேசிய முதல் சொல். ஒரு வாரம் அதை வைத்தே ஓட்டினேன்.)

மேடையில் எல்லார் தலையும் தெரிய வேண்டுமே, ஏறி நிற்கத்தான் கேட்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ராமமூர்த்தி சார் நெட்டை, ஒன்று போதும். ஸ்டெல்லா குட்டை, அஞ்சரை நியாயம்தான். மரக்கடைக்குப் போய் பத்தரைக் கட்டை அறுத்து வாங்கி வந்தேன். அந்த அரைக் கட்டையை மட்டும் நானே உட்கார்ந்து இழைத்து வழவழப்பாக்கினேன். அவள் செருப்பில்லாமல் நிற்பாள் அல்லவா.

விழா மாலையில் ஆர்மோனியக்காரர், "சுருதி எத்தினி கட்டைல வெக்கட்டும், தம்பி?" என்றார்.

"எல்லாம் ரெடி சார்" என்று மேடை ஓரத்தில் மூடி வைத்திருந்த சாக்கை உருவினேன்.

பஷீர் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது? சுருதி கேட்டா மரக்கடையவே எறக்கிக்கினு கீறே."

மைக் போட்டிருந்தது. தெருவே சிரித்தது. ராமமூர்த்தி சார் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விழாவுக்கு வந்திருந்த பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு செய்ய வேண்டிய வேலையை அதற்கு முன்பே நான் செய்து முடித்துவிட்டேன்.

ஸ்டெல்லா மூன்று முறை வாயைத் திறந்தாள். கட்டைகளைப் பார்த்ததும் மூன்று முறையும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் முதல் அடியையும் எல்லாருமாகச் சேர்ந்தே பாடினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது, "சாரிங்க, என்னால முடியல" என்றாள். மறுவாரம் திருச்சி போய்விட்டாள். அந்தக் குரல் தனியாகப் பாடி நான் இன்றுவரை கேட்டதில்லை. ஏங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இப்போதும் ஏங்குகிறேன்.

அந்த அவமானத்தில்தான் பாட்டு கற்றுக்கொள்ளப் போனேன். என் சுருதி ஒன்றரைக் கட்டை என்று தெரிந்தது. வீட்டில் என் பெயர் 'ஆசாரி'. பஷீர் பாய் என் கல்யாணத்துக்கு வந்து, முழுக்கதையையும் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போன உபயம். சில சாயங்காலங்களில், பக்கத்தில் யாரும் இல்லையென்று நினைத்து, சுருதிப்பெட்டியை ஐந்தரையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் குரல் அங்கே ஏறாது.

"ஆசாரி, அது உங்க கட்டை இல்லையே" என்பாள் மனைவி, சமையலறையிலிருந்து.