வெள்ளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவர்

கேமரன் மலையில் வெள்ளத்துக்கு ஆட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு, அடுப்பைப் பறிகொடுத்தவர்கள் உண்டு, குடியிருந்த வீட்டையே பறிகொடுத்தவர்களும் உண்டு. ஆனால், வந்த வெள்ளத்தையே வராத வெள்ளமாக ஆக்கிக் காட்டிய ஆள் இந்த மலையில் ஒருவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சுண்ணாம்புக் கங்காணி.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. கொழுந்து கிள்ளும் எங்களை மேய்ப்பது அவர் வேலை. சுண்ணாம்பு அடிப்பது அவர் வியாதி. துரை வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், மனுசனுக்குச் சாமி வந்துவிடும். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் சுவர், கால்வாய்க் கல், மரத்தின் அடி, கொடிக்கம்பம் எல்லாவற்றுக்கும் வெள்ளை. ஒரு தடவை, அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கும் பாதி முதுகுவரை அடித்துவிட்டார். கோழிக்காரி சண்டைக்குப் போனாள்.

"அது அசையாம உக்காந்திருந்துச்சு, கல்லுன்னு நெனச்சேன். இப்பப் பாரு, எவ்ளோ லட்சணமா இருக்கு!" என்றார். கோழி அதற்கப்புறம் அவரைக் கண்டாலே ஓடும்.

பெண்டாட்டி செத்துப் பல வருசம். பிள்ளை குட்டி கிடையாது. ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் லயமே ஆற்றங்கரையில்தான் இருந்தது. மழைக்காலம் வந்தால் தண்ணீர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். "மேட்டுல புது லயம் கட்டிக் குடுங்க" என்று நாங்கள் கேட்காத வருசமில்லை. மானேஜரும் "பாப்போம்லா" என்று சொல்லாத வருசமில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். அப்போது என் மூத்தவன் கைக்குழந்தை. அந்தத் தடவை தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை, நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். கால் ஒரு இடத்தில் வழுக்கியது. அம்மாடி, அந்தப் பயம் இன்னும் என் வயிற்றில் கிடக்கிறது.

உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர் வடிந்தபோது வீட்டுக்கு வீடு கட்டில் உயரத்துக்குச் சேறு. சட்டியும் பானையும் எங்கே போயின என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் மேல்மாடியில் எல்லோரையும் தங்க வைத்தார்கள். ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால், கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துச் சீன முதலாளி, தௌக்கே ஒருவர் சுற்றுவழியில் லோரி அனுப்பித்தான் எங்களுக்கு அரிசி வந்தது.

அப்போதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார்: "கோலாலம்பூர்லேர்ந்து பெரிய துரை வர்றாரு. நேர்லயே பாப்பாரு. சேதம் பெருசா இருந்தா மேட்டுல புது லயம்."

பொம்பளைகள் நாங்கள் குதிக்காத குறை. ஆனால் கங்காணியின் காது 'பெரிய துரை வர்றாரு' என்பதோடு அடைத்துக்கொண்டது. மற்ற எதுவும் உள்ளே போகவில்லை.

"எல்லாரும் பால்டி எடு! மம்பட்டி எடு! கிராணி, சுண்ணாம்பு வேணும்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

நான் மறித்தேன். "கங்காணி, உங்களுக்குக் கிறுக்கா? சேறு இருந்தாத்தானே துரை சேதத்தைப் பாப்பாரு?"

"துரைக்குச் சேத்தைக் காட்டுறதா? என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"உங்களப் பத்தி நெனக்கவா அவரு அவ்ளோ தூரம் வர்றாரு?"

"நீ சும்மா இருலா! புள்ளையப் பாரு, போ."

சரி, கிறுக்கு ஒருவருக்குத்தானே, மற்றவர்கள் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரிந்தும் நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். துரை வருகிறார் என்றால் எங்கள் ஜனத்துக்குக் கை தானாக வாளியைத் தேடும். தாத்தா காலத்திலிருந்து ரத்தத்தில் ஊறிய நோய். முதல் ஆளாக மண்வெட்டியைத் தூக்கியது என் வீட்டுக்காரர்.

"உங்களுக்குப் புது வீடு வேணாமா?"

"வேணும்தான். ஆனா கங்காணி சொல்றாருல்ல?"

அந்த மண்வெட்டியாலேயே ஒரு போடு போடலாமா என்று இருந்தது. புருசனாயிற்றே என்று விட்டேன்.

துரை நடந்துவரும் பக்கத்து முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். கங்காணி பொழுதன்றைக்கும் சேற்றை வாரினார், கழுவினார், சுண்ணாம்பு அடித்தார். சோறு தின்றாரா என்பதே சந்தேகம். பெரிய துரை வந்த அன்று லயம் கல்யாண வீடு மாதிரி பளபளத்தது. போதாக்குறைக்கு வாசலில் தோரணம் வேறு!

பெரிய துரை நடந்தார். சுவரைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார். இங்கிலீசில் ஏதோ கேட்டார். கிராணி சங்கடமாக எங்களிடம் திரும்பினார்.

"வெள்ளம் எங்க வந்துச்சுன்னு கேக்குறாரு."

கங்காணி நெஞ்சை நிமிர்த்தினார். "வெள்ளமெல்லாம் ஒண்ணுமில்ல துரை! சும்மா, கொஞ்சம் தண்ணி வந்துச்சு. தொடைச்சிட்டோம்."

கிராணி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அதைச் சொன்னார். பெரிய துரை சிரித்தார். மானேஜரும் சிரித்தார். லயம் நன்றாகத்தானே இருக்கிறது என்று பேசிக்கொண்டே, ஏறி வந்த காடியைப் பார்த்துத் திரும்பினார்கள். எங்கள் மேட்டு வீடு அந்தக் காடியில் ஏறிப் போகப்போகிறது!

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கங்காணி முன்னால் போய் நின்றேன்.

"அடுத்த மழைக்கு இவனை எங்க தூக்கிட்டு ஓடுறது? சொல்லுங்க கங்காணி! உங்க சுண்ணாம்பு வந்து தூக்குமா?"

கங்காணி என் பிள்ளையைப் பார்த்தார். அது சனியன், அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருடைய கை மெதுவாக இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"கிராணி, துரையக் கடைசி வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் கவனித்தோம், அவர் வீட்டுச் சுவரில் வெளிப்பக்கம் மட்டும்தான் வெள்ளை. கதவில் பூட்டு. பூட்டைத் திறந்து தோளால் முட்டித் தள்ளினார், பாதிதான் திறந்தது. நிலைப்படி தாண்டிச் சேறு வழிந்து பெரிய துரையின் சப்பாத்தில் ஏறியது. உள்ளே கட்டிலைக் காணோம், அடுப்பைக் காணோம். சுவரிலிருந்து விழுந்து கிடந்த அவர் பெண்டாட்டி படத்தில் பாதி முகம் சேற்றுக்குள் இருந்தது. எங்கள் வீடுகளையெல்லாம் கழுவி முடித்த ஆளுக்குத் தன் வீட்டுக்கு வந்தபோது சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டது, தெம்பும் தீர்ந்துவிட்டது. நாங்கள் மேல்மாடியில் தூங்கிய இத்தனை நாளும் அவர் ராத்திரி விறகுக் கொட்டகையில் படுத்திருக்கிறார்.

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிக்கணும் துரை. இன்னும் ஒரு நாள் கெடச்சிருந்தா இதையும் தொடைச்சிருப்பேன்."

கிராணி புத்திசாலி, அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. எல்லா வீடும் இப்படித்தான் இருந்ததா என்று பெரிய துரை கேட்டதற்கு, "எல்லாமேதான்" என்றார். பெரிய துரை மானேஜரைப் பார்த்த பார்வையில் எங்களுக்கு விசயம் புரிந்துவிட்டது.

மேட்டில் புது லயம் எழும்பியது. கங்காணி மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். துரைக்கு முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டேனாம். மலையில் கொழுந்து சரியில்லை என்றால்கூடப் பக்கத்து ஆளிடம் சொல்லித்தான் என்னைத் திட்டுவார். போய்யா என்று நானும் விட்டுவிட்டேன்.

புது வீட்டுக்குக் குடிபோன மறுநாள் வாளியும் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையுமாக வந்து நின்றார். புதுச் சுவருக்கே அவர் கைப்பட ஒரு தரம் அடித்தால்தான் மனுசனுக்குத் தூக்கம் வரும். அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே, நடை பழகிக்கொண்டிருந்த என் மகன் வாசல் மண்ணில் கையை அளைந்துவிட்டு ஈரச் சுவரில் 'சப்' என்று ஓர் அறை வைத்தான். அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. அடிக்கத்தான் போகிறார் என்று நான் ஓடினேன்.

கங்காணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மட்டையை நனைத்து, அந்த அடையாளத்தில் படாமல் சுற்றிலும் அடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எண்பதுகளில் அவர் கண்ணை மூடும்வரை வருசா வருசம் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது அவர்தான். அந்த மனுசனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! ஆனால் துரை வருகிறார் என்று லயமே அலறிய நாட்களில்கூட அந்தச் சேற்றுக் கையை அவர் ஒருதரமும் அழிக்கவில்லை.