ஏரிக்கரையில் தற்செயலாக

ஜீவனஹள்ளி, பெங்களூர்
ஐப்பசி, 1958

மரியாதைக்குரிய மைத்துனர் ஜெயராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாஞ்சாலியின் வீட்டுக்காரன் கோவிந்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம். மனசு யாருக்கும் சௌக்கியமில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "உக்காந்து எங்க அண்ணனுக்கு எழுதித் தொலைங்க" என்று பாஞ்சாலி அதட்டியதால் உட்கார்ந்திருக்கிறேன்.

சரசுவை வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடத்துக்காரர்களும் பதிலே போடவில்லை. "என்னாச்சு?" என்று தெருவே கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் குழாயடிக்குக்கூட விடியுமுன் இருட்டில் போய்விட்டு வருகிறாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் அவளும் தாங்கமாட்டாள், நானும் தாங்கமாட்டேன். அதனால்தான் உங்கள் யோசனைக்குத் தலையாட்டினேன். வெளியிடத்தில் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்ப்பது, யார் என்னவென்று இரு தரப்பும் கேட்டுக்கொள்ளாமல் இருப்பது, பிடிக்காவிட்டால் ஊருக்குத் தெரியாமல் போய்விடும் என்றீர்கள். சந்தாபுராவுக்கு அப்பால் இருக்கும் ஏரியைக் குறித்தோம். பழைய மதகு, கல் மண்டபம், வீரக்கல் என்று சுற்றிப் பார்க்க ஜனம் வருகிற இடம். தாய், தகப்பன், பிள்ளை என மூன்று பேர், தகப்பனார் கையில் கறுப்புக் குடை, அதுதான் அடையாளம் என்று எழுதியிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரில் பஸ் ஏறினால் எங்களுக்கு முன்சீட்டிலேயே கறுப்புக் குடை. சம்பந்தியாகப் போகிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, தெரியாதவன்போல் அவ்வளவு தூரம் போவது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது. அவர் திரும்பி, "எங்க போறீங்க?" என்று கேட்கிறார். மனுஷருக்கு என்ன நடிப்பு. நான் மட்டும் சளைத்தவனா, "சும்மா, ஏரி பாக்கலாம்னு" என்றேன். "அட, நாங்களும் அதுக்குத்தான்" என்று ஒரு சிரிப்பு வேறு.

இறங்கியதும்தான் உங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. பிள்ளைக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை என்று எழுதினீர்களே, அந்தப் பையன் மீன் இலாகாவாம். தண்ணீரைக் கண்டதும் கெண்டை, கெளுத்தி என்று ஆரம்பித்தவன் வாயை மூடவில்லை. நானே ரயில் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "டிக்கெட் வாங்கி ஏறத் தெரியும் சார், வேற ஒண்ணும் தெரியாது" என்றான். போதாக்குறைக்கு தகப்பனார் என் காதோரம் வந்து, "பாப்பா டீச்சர் டிரெயினிங் முடிச்சாச்சில்ல?" என்கிறார். எட்டாவதோடு நின்ற பெண்ணைப் பற்றி அங்கேயும் அளந்துவிட்டிருக்கிறீர்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்ற, "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவைத்தேன்.

வீரக்கல்லடியில் சண்டையே வந்துவிட்டது. மாடு ஓட்ட வந்த கள்ளர்களோடு மோதிச் செத்த வீரன் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, புலியோடு மோதினானாம். "கல்லுலயே மாடு இருக்கு, பாருங்க" என்றேன். "அது மாடில்ல சார், புலி. மழையில தேஞ்சிருக்கு" என்று குடைக்கம்பியால் குத்திக் காட்டுகிறார். இதற்குள் பாஞ்சாலியும் அந்த அம்மாளும் அதை அம்மன் என்று நினைத்துக் குங்குமம் வைத்துத் தேங்காயும் உடைத்துவிட்டார்கள். பையன் சிரித்தான், கூடவே சரசுவும் சிரித்தாள். பிறகு மதகைப் பார்க்கிறோம் என்று இருவரும் போனார்கள். மதகில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மண்டபத்தில் வேறு ஒரு குடும்பம் சாப்பாட்டுத் தூக்கைக்கூடப் பிரிக்காமல் எங்களையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு பெரியவர் மழையே இல்லாதபோதும் குடையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார். "பையைக் கெட்டியாப் பிடி, பார்வையே சரியில்ல" என்று பாஞ்சாலியை உஷார்படுத்தினேன்.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் மைத்துனரே. இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சேர்த்த கல்யாணம் பந்தல் பிரிக்கும்வரைகூட நிற்காது. மாட்டைப் புலி என்கிற வீட்டில் என் பெண் வாழவும் வேண்டாம். அத்தைக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு இந்தத் தடவை ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கோவிந்தப்பா

பின் குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் வாசலில் அதே கறுப்புக் குடை. வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு மூன்று பேரும் வந்திருந்தார்கள். இப்போதுதான் பெயர் கேட்டுக்கொண்டோம். அவர் பெயர் ஆதிகேசவனாம். உங்களைத் தெரியவே தெரியாதாம். அவர்கள் தற்செயலாகப் பார்க்க வந்தது ஏதோ ஒரு டீச்சர் பெண்ணையாம். அந்த வீட்டார் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார்களாம். அப்படியானால் மண்டபத்தில் குடையை விரித்து விரித்து மூடியவர்தான் நீங்கள் அனுப்பியவர். நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "ஆச்சு, ஆச்சு" என்ற பொய் என்னுடையது. "டீச்சர் இல்லேன்னா என்னங்க, பையன் இந்தப் பொண்ணுதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்" என்கிறார் ஆதிகேசவன்.

எங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பையன் சரசுவைப் பார்த்தான். மதகடியிலேயே இருவரும் ஊர், பேர் எல்லாம் சொல்லிக்கொண்டுவிட்டார்களாம். "அப்பவே தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?" என்றேன். "யாரையும் யாருன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றாள்.

உங்கள் ரயில்வேப் பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கவும். அந்தப் பெரியவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும். வந்தவர்களுக்குக் காப்பி போடத் தண்ணீர் இல்லை என்று சரசு குடத்தை எடுத்துக்கொண்டு, நல்ல வெயிலில், தெரு முழுக்கப் பார்க்கக் குழாயடிக்குப் போயிருக்கிறாள்.