முப்பத்தொரு காய்ச்சல்

"அங்கிள், கடையில மொத்தமே இருபத்தாறு பேர். போன மாசம் மட்டும் முப்பத்தொரு காய்ச்சல். இது எப்படி?"

முதலாளியின் மகன் பிரேம்நாத், லீவு லெட்டர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டான். மேலாளர் கைலாசத்துக்கு உண்மையிலேயே உடம்பு சுட்டது.

பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த அந்தப் பட்டுக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டுமென்றால் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். பெரிய முதலாளி சீனிவாசனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் இங்கிலீஷில் எழுதியிருந்தால் விஷயம் பெரிது என்று நினைத்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். தமிழில் எழுதினால்தான் வம்பு. உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, ஆயிரம் கேள்வி கேட்பார். இப்போது அவர் முழங்கால் வலி என்று வீட்டோடு தங்கிவிட, எம்.பி.ஏ. படித்த பிள்ளை வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். வந்தவன் செய்த முதல் காரியம், அந்த லெட்டர்களைப் படித்துப் பார்த்தது.

எல்லாம் ஒரே லெட்டர். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் தி லாஸ்ட் டூ டேஸ், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் தி ஷாப். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்.' கீழே பெயர் மட்டும் வேறு வேறு.

கைலாசத்துக்கு இது தெரியாதா என்ன? காதுகுத்து, வளைகாப்பு, தாமல் ஏரியில் மீன்பிடி, எதுவானாலும் அந்தக் கடையில் அதற்குப் பெயர் காய்ச்சல். ஆனால் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று ஒரு மேலாளர் எப்படி வாயைத் திறந்து சொல்வார்?

"சீசன் தம்பி. கொசு ஜாஸ்தியா இருக்குது," என்று சமாளித்தார்.

டீ கொண்டுவந்து வைத்த பட்டம்மாள் மேசையை எட்டிப் பார்த்தாள். கடையில் பெருக்குவதும் டீ போடுவதும் அவள் வேலை. கைலாசத்துக்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பவள்.

"சார், இந்த லெட்டரு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா. டீய வச்சிட்டுப் போ."

அடுத்த நாள் வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பதினெட்டுப் பேர். முகூர்த்தப் புடவை அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, அரக்கு என்று முடிவாகிப் பெண்ணின் அத்தை பையைத் திறந்த நேரம். முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான்.

"யாருபா நீ?" என்றார் கைலாசம்.

"கொசுவுக்குப் புகை போடணும்னு சின்ன ஓனர் சொன்னாரு."

அவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் புகை வந்துவிட்டது. அரக்கு எது, மஞ்சள் எது, அத்தை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டுப் பேரும் இருமிக்கொண்டே தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்ததை மட்டும் கைலாசம் கண்ணீரோடு பார்த்தார். கண்ணீரில் பாதி புகையால் வந்தது, மீதி வயிற்றெரிச்சலால் வந்தது.

"பட்டெல்லாம் டீசல் நாத்தம் அடிக்கிது தம்பி!"

"உடம்பு முக்கியம் அங்கிள். நாளைக்கு எல்லாருக்கும் ரத்தம் எடுக்க ஆள் வருது."

இதற்கு மேல் மூடி மறைத்துப் பயனில்லை. காய்ச்சல் என்பதெல்லாம் சும்மா, இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கைலாசம் ஒப்புக்கொண்டார். பிறகு அத்தனை பேரையும் ஜமக்காளத்தில் உட்காரவைத்துப் பிடிபிடி என்று பிடித்தார்.

"இருபத்திரண்டு வருஷம் இந்தக் கடையில உழைச்சிக்கினு இருக்கேன். மொத்தம் ரெண்டே நாள்தான் லீவு. உங்களுக்கெல்லாம் பொய் சொல்ல நாக்கு கூசல? இனிமே யாராவது ஃபீவர்னு எழுதினீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன். உண்மையான காரணத்தத்தான் எழுதணும். இங்கிலீஷ்லயே எழுதணும்!"

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைகள். அப்படியே செய்தார்கள். பழைய லெட்டரில் ஃபீவர் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையை வைத்தார்கள். திங்கட்கிழமை பிரேம்நாத்தின் மேசைக்கு வந்த முதல் லெட்டர், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்' என்றது. அடுத்தது 'சஃபரிங் ஃப்ரம் கருட சேவை' என்றது. இன்னொருவர் வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதால் சஃபரிங். மூன்றையும் படித்துச் சிரித்த பிரேம்நாத், நான்காவதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை ஹஸ்பெண்ட் ஃபார் தி லாஸ்ட் டூ டேஸ்.' கையெழுத்து: சுகாசினி, காட்டன் பிரிவு.

"அங்கிள், இது சீரியஸ்!" என்றவன், கைலாசம் வாய் திறப்பதற்குள் அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "பெண்களைக் கொடுமைப்படுத்தினா சட்டம் சும்மா விடாது" என்று எச்சரித்தும்விட்டான்.

அரை மணி நேரத்தில் கடை வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டோ நின்றது. அதன் பின்னால் ஸ்டாண்டிலிருந்து இன்னும் ஆறு.

"என் பொண்டாட்டி என்னால கஷ்டப்படுறான்னு எவன்யா சொன்னது? வெளிய வா!"

சுகாசினி அழுதுகொண்டே ஓடி வந்தாள். "அய்யோ, அவருக்கு நாளைக்குக் கண்ணு ஆபரேசன் சார்! கூடப் போவணும், அதுக்குத்தான் லீவு கேட்டேன். ஃபீவர் இருந்த எடத்துல உண்மைய எழுதுன்னு மேனேஜர் சார்தானே சொன்னாரு?"

ஆட்டோக்களைச் சமாதானம் செய்து அனுப்பப் பகல் மூன்று மணி ஆயிற்று. அதுவரை ஒரு வாடிக்கையாளர்கூடப் படி ஏறவில்லை. பிரேம்நாத்தின் முகத்தில் இருந்த எம்.பி.ஏ. பொறுமையெல்லாம் போய்விட்டது.

"அங்கிள், இந்த லெட்டரை முதன்முதல்ல எழுதினது யாருன்னு இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா நீங்க நாளையிலிருந்து குடோனுக்குப் போயிடுங்க. மேனேஜர் சீட்டுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

குடோனில் மூட்டைக்கு நம்பர் போடவா கைலாசம் இருபத்திரண்டு வருஷம் உழைத்தார்? எவனோ ஒரு சோம்பேறி லீவுக்காகப் பொய் எழுதி வைப்பானாம், அதற்கு இவருடைய நாற்காலி போகுமாம். என்ன அநியாயம்! ஆத்திரத்தில் உட்கார்ந்து வேலைநீக்க மெமோ ஒன்றை அவரே டைப் செய்தார். பொய்யான காரணம் எழுதிக் கொடுத்து, கடையின் ஒழுக்கத்தையே கெடுத்த நபர் இன்று முதல் நீக்கப்படுகிறார். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பிரேம்நாத் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி துளசி போன் செய்தாள். "ஏங்க, கருட சேவைக்குத் திருப்புட்குழியில இருந்து எங்க அண்ணன் வீடு மொத்தமும் வராங்க. அன்னிக்கு ஒரு நாளாவது லீவு..."

"லீவுன்ற வார்த்தையையே என் காதுல போடாத!" என்று போனை வைத்தார்.

சுகாசினியை விசாரித்ததில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைதான் லெட்டருக்கு மூலம் என்று தெரிந்தது. கடைக்காரன் குரு கொஞ்சமும் பதறவில்லை.

"லீவ் லெட்டரா சார்? ரெண்டு ரூவா. பேர் எழுத எடம் விட்டிருக்கேன்."

"அடப்பாவி, இத ஒரு வியாபாரமாவே பண்ணிக்கினு இருக்கியா?"

"நம்ம கடையில நல்லா போறதே இதுதான் சார். சும்மா சொல்லக் கூடாது, எழுதினவரு நல்லா படிச்சவரு. ஒரு தப்பு இருக்குதா பாருங்க."

கைலாசம் பார்த்தார். நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்து, எழுத்தெல்லாம் பூச்சி அரித்ததுபோல் இருந்தது. ஆனாலும் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு ஏன் இந்தப் புத்தி?

"ஒனக்கு இத யாரு குடுத்தது?"

"எங்கப்பா காலத்துல உங்க கடை பட்டம்மாதான் குடுத்தாங்க. ஒரிஜினல் அவங்ககிட்டதான் இருக்குது."

கைலாசம் வெயிலில் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குத் திரும்பினார். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பட்டம்மாளைக் கையோடு கூட்டிப் போய்க் கல்லா முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, மெமோவ எடுங்க! பேனாவையும் எடுங்க! பட்டம்மா, பொய் சொன்னா ஒன் வேலையும் போயிடும். அந்த லெட்டரு எங்க?"

பட்டம்மாள் பயப்படவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் நான்காக மடித்த ஒரு பழுப்புத் தாள் வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததோ என்னவோ, ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. பிரேம்நாத் மெமோவில் விட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "பேரைச் சொல்லுங்கம்மா," என்றான்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன், சும்மா இருன்னுட்டாரு," என்று பட்டம்மாள் தாளைக் கைலாசத்திடம் நீட்டினாள். "காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டு நீங்க திருப்புட்குழிக்குப் பொண்ணு பாக்கப் போனீங்களே சார், அந்த லெட்டருதான் இது. பெருக்கறப்ப கெடச்சுது. போன எடத்துலயே நிச்சயம் ஆயிடுச்சே, ராசியான லெட்டராச்சேன்னு எல்லாருக்கும் நான்தான் குடுத்துக்கினு வரேன்."