விக்கல் வந்த வேளை

மாப்பிள்ளை வீட்டார் செந்துறையிலிருந்து வேனில் வந்து தெருமுனையில் இறங்கிவிட்டார்கள். தா.பழூர் ராசாங்கத்துக்கோ விக்கல் நின்றபாடில்லை.

"குடிக்கிற அப்பன் வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தே சொல்லியிருந்தார்கள். ராசாங்கம் சாராயத்தின் வாசனைகூட அறியாதவர்.

"மடமடன்னு தண்ணியக் குடிங்க" என்று சொம்பை நீட்டினாள் மனைவி வைரக்கண்ணு.

அவசரத்தில் புரையேறியது. இருமிய இருமலில் கண்கள் சிவந்துவிட்டன.

"மூச்ச அடக்குங்கப்பா" என்றாள் நர்சிங் படிக்கும் மகள் பரிமளா.

அடக்கினார். நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது, தலை கிறுகிறுத்தது, கால் தள்ளாடியது. விக்கல் மட்டும் அசையவில்லை.

"வயித்துக்கு மேல ஒரு சதை துடிக்குது, அவ்வளவுதாம்பா. நுரையீரல், இதயம், மூளை எல்லாம் அதுக்கு ஒத்தாசைக்கு ஓடி வருது."

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னா... ஹிக்... அத்தனையும் வருதா! எந்தச் சாமிம்மா இப்படிக் கட்டி வச்சுது?" அந்தப் பதற்றத்திலும் ராசாங்கம் சொக்கிப்போய்க் கைகூப்பினார்.

"கும்புடற நேரமா இது? அசல் குடிகாரனாட்டமே நிக்கிறீங்க!" என்று தலையிலடித்துக்கொண்டாள் வைரக்கண்ணு.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தள்ளாடியபடியே போய், "வாங்... ஹிக்... வாங்க" என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா உட்காராமல் வேன் பக்கம் திரும்பினார். காபித் தட்டோடு வந்த பரிமளா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ராசாங்கத்துக்குக் கண் கலங்கியது.

மாப்பிள்ளையின் அப்பா குழந்தைவேல் மட்டும் வந்து, அவரையும் உட்காரவைத்து, தோளோடு தோள் இடிக்க நெருங்கி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஒரு சத்தம்.

"ஹிக்!"

எல்லோரும் திரும்பினார்கள். இந்த முறை விக்கியவர் குழந்தைவேல்.

"வேன்ல தின்ன மிக்சர் ஒரே காரம்" என்று அசடு வழிந்தார். "சம்பந்தி, நீங்களும்... ஹிக்... அதே கடையா?"

கூடமே சிரித்தது. ராசாங்கமும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய விக்கல் எப்போது போனதென்றே தெரியவில்லை. பரிமளாவுக்குப் பூவும் வைத்தாயிற்று.

வேன் புறப்படும்போது ராசாங்கம் சொம்புத் தண்ணீரோடு ஓடினார். "சம்பந்திக்குக் குடுங்கம்மா. பாவம், இன்னும் விக்குதோ என்னமோ!"

குழந்தைவேலின் மனைவி ரத்தினம்மாள் ஜன்னல் வழியே குனிந்து, மெல்லச் சொன்னாள்:

"இவருக்கு விக்கலே வரலண்ணே. உங்க கண்ணு கலங்குச்சு, இவரு தொண்டை சும்மா இருக்கல."