இழுத்தால் நீளும் திரை

எனக்கு அறிவு கொஞ்சம் கம்மி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்தும், இழுத்தால் நீளாத துணி என்று ஒன்று உலகத்தில் எதற்காக இருக்கிறது என்பதை ஒரு தோட்டம் நிறைய ஆட்களுக்கு முன்னால் அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் நண்பன் சாதிக் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் செலவழித்து, செல்போனிலேயே அரைமணி நேரப் படம் ஒன்றை எடுத்து முடித்திருந்தான். அவனுடைய அத்தா, அதாவது அப்பா, வெட்டிக் கழித்த பனியன் துணி வாங்கி விற்கிற வியாபாரி. "படத்தப் பாக்கறேன். தேறலைன்னா மறுநாளே கடைக்கு வந்து உக்காந்துக்கோணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவிநாசிபாளையம் பக்கம் அவன் அக்காவின் தோட்டத்தில், ஞாயிறு சாயங்காலம் படம் போடுவதாக ஏற்பாடு.

"திரைக்கு ரெண்டு வேட்டியச் சேத்துத் தெச்சுக்கலாம்டா" என்றான்.

"திருப்பூர்க்காரன் பேசற பேச்சாடா இது? திரை என்னோட பொறுப்பு."

கம்பெனியில் மிஞ்சிய வெள்ளை லைக்ரா துணியைக் கேட்டு வாங்கி, இரண்டு அகலத்தை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தேன். பாலாடை மாதிரி இருந்தது. (தடவிப் பார்த்துவிட்டு என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.)

பஸ்ஸை விட்டு இறங்கி, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியாக நடந்தோம். ஆடிக்காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. பஸ் ஜன்னலில் விரல் உயரத்துக்குத் தெரிகிற காற்றாலைக் காத்தாடியின் அடியில் அன்றுதான் முதன்முதலாக நின்றேன். அண்ணாந்தேன். அது முடியவே இல்லை. இறக்கை ஒவ்வொன்றும் வானத்தையே வழித்துக்கொண்டு இறங்கி வந்தது. அதன் நிழல் சோளக்காடு முழுக்க ஓடி வந்து எங்கள் மேல் ஏறியபோது சட்டென்று குனிந்துவிட்டேன். (நிழல் இடிக்காது என்று எனக்குத் தெரியும். என் கழுத்துக்குத் தெரியவில்லை.)

"வாய மூடுடா, பூச்சி பூந்துரும்" என்றான் சாதிக். கொஞ்ச தூரம் போனதும், குரல் இறங்கி, "அத்தாவுக்குப் புடிக்குமாடா?" என்றான்.

"திரை பிரமாதமா இருக்கும் பாரு" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே திரையைக் கட்டினோம். ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டது. இழுத்தேன், நீண்டது. மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் நீண்டது. எங்கே நிறுத்துவதென்று லைக்ராவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இருட்டியதும் படம் ஓடியது. சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராகப் போன இளவயது அத்தாவின் கதை. அவராக நடித்தவர் சாதிக்கின் ஒட்டடைக்குச்சி போன்ற சின்ன மாமா. திரையைப் பின்னாலிருந்து காற்று தள்ளவும் மாமாவுக்குத் தொப்பை வந்தது. காற்று நின்றதும் தொப்பை உள்ளே போனது.

"ஏனுங்க மாமா, மாசம் எத்தனைங்க?" என்று ஒரு குரல். தோட்டமே உருண்டு சிரித்தது. அத்தா மட்டும் சிரிக்கவில்லை. சாதிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் திரைக்குப் பின்னால் ஓடி, அடி ஓரத்தை இழுத்து அதன் மேலேயே சம்மணம் போட்டேன். பனியன் துணி என்பதால் படம் பின்பக்கமும் தெரிந்தது. மாமா தனியாக, எதிர்க்காற்றில், மூட்டையோடு சைக்கிளை ஒரு மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினார். அந்த நேரம் பார்த்து நிஜக் காற்று ஓங்கி அடித்தது. மேடும் சைக்கிளும் மேகமும் ஒன்றாக மூச்சு வாங்கி, கூட்டத்தை நோக்கி எழுந்தன. சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. தினமும் என் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறவனின் தலைக்குள் இத்தனை பெரிய வானமா!

படம் முடிந்து லைட் போட்டார்கள். அத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு திரையிடம் வந்து, ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, பிடியை விட்டார். அது என் மூக்கில் வந்து அடித்தது.

"அத்தா, நாளைக்கு இவன் கடைக்கு வரோணுங்களா?" என்று எழுந்து நின்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றும் சாதிக் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

"அவன் வேண்டாம், நீ வா."